அந்த ஒரு மடக்குத் தண்ணீர்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் 'அமூர்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. "இதைவிட உண்மையான படம் கிடையாது" என்று ஒரு பாதி. "வயசானவங்களை இப்படியா காட்டுறது" என்று கொதிக்கிறது இன்னொரு பாதி. படம் பார்க்காதவர்களுக்காகக் கதை இதுதான். பாரிஸில் ஒரு வீடு. எண்பதைத் தாண்டிய கணவன் மனைவி, ஜார்ஜ், ஆன். இருவரும் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்கள். ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது ஆன் சில நிமிடம் அப்படியே உறைந்துபோகிறார். கழுத்து ரத்தக்குழாயில் செய்த ஆபரேஷன் சரியாக அமையாமல் வலப்பக்கம் விழுந்துவிடுகிறது. "இனிமேல் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே" என்று கணவனிடம் சத்தியம் வாங்குகிறார். அடுத்த பக்கவாதம் பேச்சையும் குலைக்கிறது. கடைசியில் ஜார்ஜே தலையணையால் அவர் மூச்சை நிறுத்துகிறார். முதியோர் பராமரிப்பில் அனுபவமுள்ளவர்களோடு உட்கார்ந்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: விருது வாங்கிய படம் என்று சொல்லி வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்தோம். அரை மணியில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். என் அண்ணன் மட்டும் கடைசிவரை பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. இது நல்ல படமா, இல்லையா?
- வாசகர், காட்பாடி

நல்ல படம். மைக்கேல் ஹனேகே இயக்கி 2012இல் கேன்ஸின் தங்கப்பனை விருதையும், 2013இல் வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. ஆனாக நடித்த எம்மானுவேல் ரீவா 85 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஆனால் எழுந்து போனவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நம் படங்களில் நோய் வந்தால் கூடவே ஒரு பாட்டும் வரும், அழுவதற்கு இடம் கிடைக்கும். இதில் பின்னணி இசையே இல்லை. நனைந்த படுக்கையை அப்படியே காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது படம். கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: படுக்கையில் கிடந்தவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள். எங்கள் எண்ணம், உடம்பைப் பற்றி இந்தப் படம் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அந்த வீட்டில் நடக்கும் துன்பத்தில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடியது. ஜார்ஜுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தோள் மாற்றவும் போதிய ஆள் இல்லை.

அந்தக் காலைக் காட்சியை மட்டும் மீண்டும் பாருங்கள். ஆன் சில நிமிடத்தில் சரியாகி, ஒன்றுமே நடக்காததுபோலப் பேசுகிறார். நம் வீடுகளில் இதை "மயக்கம், பித்தம்" என்று காபி கொடுத்து விட்டுவிடுவார்கள். ஆனால் இது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, நினைவு தவறினாலோ, சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சரியாகவில்லை என்றால் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும்.

அண்ணனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவராகப் பேசுவார்.

கேள்வி: தண்ணீரைத் துப்பிய மனைவியை ஜார்ஜ் கன்னத்தில் அறைகிறாரே! என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அவரும் தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பார், பிறகு துப்பிவிடுவார். ஒரு நாள் நானும் கையை ஓங்கிவிட்டேன். அந்தக் காட்சி தூங்கவிடவில்லை. அத்தைக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன்?
- வாசகி, குடியாத்தம்

அம்மா, அது பெரும்பாலும் பிடிவாதம் இல்லை. பக்கவாதம் கை காலை மட்டுமல்ல, நாக்கையும் தொண்டையையும் பிடிக்கும். விழுங்குவதில் மிகவும் கடினமானது தண்ணீர்தான். கெட்டியான உணவு மெதுவாக நகரும், அதற்குள் தொண்டை தயாராகிவிடும். தண்ணீர் சர்ரென்று ஓடிவிடுவதால் மூச்சுக்குழலுக்குள் போய்ப் புரையேறும். அந்தப் பயத்தில்தான் சிலர் வாயிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் முதுகுக்குத் தலையணை வைத்து நேராக உட்கார வையுங்கள். சாய்ந்தபடி கொடுக்கவே கூடாது. நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். முகவாய் லேசாக நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். அரை டீஸ்பூன் அளவு, நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தொண்டை மணி மேலே ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். டம்ளரும் ஸ்ட்ராவும் இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியான கேழ்வரகுக் கூழ், சலித்த கஞ்சி, கட்டியில்லாத தயிர் ஆகியவற்றைப் பலர் சுலபமாக விழுங்குவார்கள். எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்வது நல்லது. முடிந்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் விரலில் ஈரத்துணி சுற்றித் துடையுங்கள், அங்கே பருக்கை ஒளிந்திருக்கும். அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

ஊட்டும்போது இருமல் வந்தாலோ, பேசும்போது தொண்டையில் நீர் நிற்பதுபோலக் கரகரவென்று குரல் வந்தாலோ, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வந்தாலோ வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். சில நாள் மூக்கு டியூப் தேவைப்படலாம். அது தோல்வி இல்லை. டியூப் வைத்தால் முதுகை 30லிருந்து 45 டிகிரி உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 மில்லி அளவில் மெதுவாக விட்டு, பிறகு 30 மில்லி தண்ணீரால் டியூபைக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கருகே டியூபில் போட்ட மை அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் விடக் கூடாது.

வேலூர் வெயிலில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கத்திரியில் இரண்டு நாள் தண்ணீர் குறைந்தாலே சிறுநீர் மஞ்சளாகிப் பேச்சு உளறலாகிவிடும்.

கை ஓங்கியதைப் பற்றி: எட்டு மாதமாக ஒருவரே பார்த்தால் யாருக்கும் அந்த நிமிடம் வரும். ஸ்பூனை வைத்துவிட்டு, அத்தையின் தலையை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாசலுக்குப் போய் நில்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை வீட்டில் இன்னொருவர் ஊட்டட்டும். இது உதவி கேட்பது இல்லை, வேலையைப் பங்கு போடுவது.

கேள்வி: ஆஸ்பத்திரியைக் காட்டவே காட்டாத படத்தை மருத்துவப் படம் என்கிறீர்கள். வேலூர்க்காரனுக்கு இது ஏமாற்றம். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே" என்பது சரியான புத்தியா?
- வாசகர், வாலாஜாபேட்டை

படத்தில் ஆஸ்பத்திரி ஒரு பயமாக மட்டும் வருகிறது என்பது உண்மைதான். 1900இல் ஒற்றைப் படுக்கையில் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று ஊரையே வளர்த்திருக்கிறது. காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து காத்திருப்பவர்களைத் தினம் பார்க்கிற நமக்கு, ஆஸ்பத்திரி நம்பிக்கையின் இடம். அதனால் ஆன் கேட்கும் சத்தியம் இங்கே பலருக்கு எரிச்சல் தருகிறது. ஆனால் வயதானவர்கள் வார்டுக்குப் பயப்படுவதற்குக் காரணம் உண்டு.

நேற்றுவரை நன்றாகப் பேசியவர் அட்மிட் ஆன இரண்டாம் நாள் ராத்திரி, "வீட்டுக்குப் போறேன், யாரோ சுவரில் ஏறுறான்" என்கிறார், ஊசியைப் பிடுங்குகிறார். குடும்பம் "புத்தி பேதலிச்சிடுச்சு" என்று அழுகிறது. இது டெலிரியம் என்ற தற்காலிகக் குழப்பம். மறதி நோய் மாதக்கணக்கில் வரும், இது மணிக்கணக்கில் வந்து ஏறி இறங்கும். பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, வலி, மூன்று நாள் போகாத மலம், அடைத்துக்கொண்ட சிறுநீர்ப்பை, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை. "நேத்து வரைக்கும் இப்படி இல்ல" என்ற ஒரு வாக்கியத்தை நர்ஸிடமும் டாக்டரிடமும் அழுத்திச் சொல்லுங்கள். அது அவர்களுக்குப் பெரிய தகவல்.

உங்கள் பங்கு: கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் பையில் எடுத்துப் போங்கள். இவை இல்லாமல் பாதி உலகம் அவருக்குத் தெரியாது. பெரிய எழுத்தில் தேதி எழுதிய காகிதமும், நன்றாகத் தெரியும் கடிகாரமும் எதிரே இருக்கட்டும். பகலில் ஜன்னல் திறந்து உட்கார வையுங்கள், இரவில் விளக்கைக் குறையுங்கள். கூட இருப்பவர் மணிக்கு ஒருவராக மாறாமல் தெரிந்த முகமாக ஒரே ஆள் இருக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கையைக் கட்டுவதற்கு எளிதில் சம்மதிக்காதீர்கள், கட்டினால் திமிறல் கூடும்.

ஆன் திரும்பப் போக மாட்டேன் என்றதற்கு வெட்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். இதே வேலூரில் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார் டாக்டர் மேரி வர்கீஸ். பாகாயத்தில் 1966இல் வந்த மறுவாழ்வு மையம் அவர் கையால் வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவது குணமாகத்தான் என்று இல்லை, இருக்கிற உடம்போடு வாழக் கற்றுக்கொள்ளவும் போகலாம். அந்த வாசலை ஆனுக்கு யாரும் காட்டவில்லை.

கேள்வி: படத்தில் இரண்டு முறை வீட்டுக்குள் வருகிறதே, அந்தப் புறா எதற்கு?
- வாசகர், ஆரணி

முதல்முறை ஜார்ஜ் அதை ஜன்னல் வழியே துரத்துகிறார். இரண்டாம் முறை கம்பளி போட்டுப் பிடித்து மடியில் அணைத்துக்கொள்கிறார், பிறகு விட்டுவிட்டேன் என்று எழுதுகிறார். எங்களுக்கு அது அந்த வீட்டில் அவர் தொட்டுப் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த ஒரே உயிர். அந்தப் புறாவை ஆன்மா என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

கேள்வி: வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். தலை வாரும்போது முரட்டுத்தனம் காட்டும் நர்ஸை விரட்டுவதாக வருகிறதே, எங்களை ஏன் இப்படிக் காட்ட வேண்டும்? எங்கள் முதுகு போவது யாருக்குத் தெரியும்?
- வாசகி, ஆம்பூர்

படத்தில் இரண்டு நர்ஸ்கள். முதலாமவர், படுத்திருப்பவரைப் புரட்டித் துணி மாற்றும் வித்தையை ஜார்ஜுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். விமர்சனம் எழுதியவர்கள் அவரை மறந்துவிட்டார்கள், நீங்கள் மறக்காதீர்கள். உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு: ஷிப்ட் முடிவில் மூன்றாம் முறை படுக்கை மாற்றும் கை எப்படி இருக்கும் என்று படம் காட்டவில்லை.

முதுகுக்கு: ஜார்ஜ்போல மார்போடு கட்டித் தூக்காதீர்கள். சக்கர நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சாய்த்துப் போட்டு பிரேக்கைப் பூட்டுங்கள். அவர் பாதம் தரையில் ஊன்றட்டும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். விழுந்த காலின் முட்டியை உங்கள் முட்டியால் அணைத்து, அவரை முன்னால் குனியவைத்து, உங்கள் முட்டியை மடக்கி எழுந்து திருப்புங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு ஆயுளுக்கும் வலி.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், மல்லாக்க, வலம் என்று மாற்ற வேண்டும். பக்கவாட்டில் 30 டிகிரி சாய்வு போதும், முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தப்பித்தீர்கள். சிவப்பு அப்படியே நின்றால் அதுதான் புண்ணின் முதல் நாள். அங்கே தேய்க்கவும் கூடாது, பவுடர் கொட்டவும் கூடாது. புரட்டிய நேரம், குடித்த அளவு, சிறுநீர், மலம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டாரிடம் தினமும் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு ஒரு பழி வந்தால் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: படத்தில் வெளியூரிலிருந்து வந்து அழும் ஆனின் மகளைப் பார்த்து என் வீட்டில் எல்லாரும் திட்டினார்கள். நானும் பெங்களூரில் இருக்கும் மகன்தான்.
- வாசகர், ராணிப்பேட்டை

அழுவதைத் திட்ட வேண்டாம். வந்ததும் "அந்த டாக்டரை ஏன் பார்க்கல" என்று தொடங்குவதுதான் கூட இருப்பவரை நோகடிக்கும். மாதம் இரண்டு சனி ஞாயிறு வந்து இரவு முறையை நீங்கள் எடுங்கள், பார்த்துக்கொள்பவர் தூங்கட்டும். இரவு அட்டென்டர் சம்பளத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மருந்து வாங்குவது, இன்சூரன்ஸ் பேப்பர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பெங்களூரிலிருந்தே முடியும். அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அந்தத் தலையணைக் காட்சியை அன்பு என்று கொண்டாடுகிறார்கள். இது கொலை இல்லையா? சட்டப்படி வேறு வழி இருக்கிறதா?
- வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

சட்டத்தின் கண்ணில் கொலைதான், இங்கேயும் அப்படித்தான். நாங்களும் அதை அன்பின் உச்சம் என்று சொல்ல மாட்டோம். தூங்காமல், உதவியில்லாமல் இருந்த ஒரு கிழவர் உடைந்த நிமிடம் அது.

அதற்குச் சற்று முன் ஆன் "வலிக்குது, வலிக்குது" என்று முனகிக்கொண்டே இருப்பார். நர்ஸ் அதைப் பழக்கத்தில் வரும் சத்தம் என்கிறார். எங்களுக்கு அங்கேதான் நெஞ்சு அடைத்தது. பேச முடியாதவர் முனகினால் முதலில் தேட வேண்டும்: வயிறு கல்லாய் இருக்கிறதா, சிறுநீர் நிற்கிறதா, வாயில் வெள்ளைப் படலம் உண்டா, தோள் இறுகியிருக்கிறதா, முதுகில் புண் வந்துவிட்டதா. வலி மாத்திரையை "வலிச்சா கொடுக்கலாம்" என்று வைக்காமல், டாக்டர் சொன்ன இடைவெளியில் மணிப்படி கொடுக்க வேண்டும். அது போதாத வலிக்கு டாக்டர் மேற்பார்வையில் மார்ஃபின் இருக்கிறது. வலி தணிப்புச் சிகிச்சை என்று தனித்துறையே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதையும் பிசியோதெரபியையும் வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சட்டம் திறந்திருக்கும் வழி வேறு. குணமாக வாய்ப்பே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த புத்தியோடு இருக்கும்போதே எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். முடிவெடுக்க வேண்டிய உறவினர் பெயரையும் அதில் எழுத வேண்டும். குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். நேரம் வரும்போது மருத்துவமனையில் மும்மூன்று பேர் கொண்ட இரண்டு மருத்துவர் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

ஆனின் நிலைக்கு இது பொருந்தாது, அவர் உயிர் எந்த மெஷினிலும் தொங்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது வலியைக் கேட்கும் ஒரு டாக்டரும், ஜார்ஜை ஒரு ராத்திரி தூங்கவிடும் இன்னொரு ஆளும். உங்கள் வீட்டில் யாராவது "என்னால முடியல, இரண்டு பேரும் போயிடலாம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தால் அதை வெறும் பேச்சு என்று விடாதீர்கள். மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இன்றைக்கே கூப்பிடுங்கள்.