அம்மாவுக்குப் புரியாதா?

கேள்வி: வயது 33, சொந்த ஊர் குடியாத்தம். பெங்களூரில் கார்-டி செல் என்ற புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆராய்ச்சி செய்கிறேன். ஒப்பந்த வேலை, மார்ச்சில் முடிகிறது. அமெரிக்காவில், பிலடெல்பியாவில் போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) வாய்ப்பு வந்திருக்கிறது. அப்பா இல்லை. பீடி சுற்றிப் படிக்கவைத்த அம்மா தனியாக இருக்கிறார். (சொன்னால் புரியாது என்று அவரிடம் 'லேப் வேலை' என்றே சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் தெருவே சுகர் ரிப்போர்ட்டை நீட்டுகிறது.) போகலாமா?

பதில்: பிலடெல்பியா அப்புறம். முதலில் அந்த அடைப்புக்குறிக்கு வருவோம், தம்பி.

தெருக்காரர்கள் மேல் என்ன தப்பு? நீங்கள் கொடுத்த ஒற்றை வார்த்தையைத்தான் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முறத்தை மடியில் வைத்து, இலையை அளவாக நறுக்கி, நாளுக்கு எத்தனை கட்டு, கழிவுக்குத் தள்ளியது எத்தனை என்று வாய்க்கணக்காகவே வைத்திருந்தவருக்கா புரியாது? உங்களுக்குச் சொல்ல வரவில்லை என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி ஆரம்பியுங்கள்: நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்லைப் பிரிக்கிறோம். அது உடம்பின் காவல்காரன். ஆனால் புற்றுநோய்ச் செல்லை வீட்டு ஆள் என்று நினைத்து விட்டுவிடுகிறது. ஆகவே புது மரபணுவைச் செலுத்தி அதன்மேல் ஒரு கொக்கி முளைக்கவைக்கிறோம். சிடி19 என்ற அடையாளம் இருக்கிற செல்லை அது கவ்விக்கொள்ளும். அப்படிப்பட்ட செல்களைப் பெருக்கி, அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றுகிறோம். காய்ச்சல் கொளுத்தும், அதே அடையாளம் இருக்கிற நல்ல பி செல்லும் சேர்ந்து அடிபடும். அதையும் மறைக்காதீர்கள். 2012-ல் பிலடெல்பியாவில், ரத்தப் புற்றுநோய் இரண்டு முறை திரும்பி வந்த ஒரு சிறுமி இதில்தான் பிழைத்தாள்.

"இதுக்கு எவ்ளோ ஆகும்?" என்று அம்மா நிச்சயம் கேட்பார். உங்கள் துறையே அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. 2017-ல் அமெரிக்காவில் வந்த முதல் கார்-டி மருந்துக்கு 4,75,000 டாலர். 2023-ல் இங்கே அனுமதி பெற்றதை ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. அதன் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

இன்னொன்று. குடியாத்தத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கார்-டி செல் தயாரித்து நோயாளிகளுக்கு ஏற்றிச் சோதனை நடத்தியிருக்கிறார்கள். வேலை கிடைக்குமா என்பது வேறு விஷயம். விசாரித்தீர்களா? கடிதத்தில் வேலூர் என்ற பேச்சே இல்லையே!

பெற்றவளிடம் என்ன வேலை என்றே சொல்லாதவர், அவரைத் தனியே விட்டுப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மா எதிரே உட்காருங்கள். அவர் கேட்கிற கேள்விகளை ஒன்று விடாமல் எனக்கு எழுதுங்கள். பிலடெல்பியாவை அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.