கொசுவின் ஆயுளை விட்டுவிட்டீர்கள்

மருந்து தோய்த்த வலையால் கொசு இறப்பு வீதம் இரட்டிப்பாகிறது என்று வைத்தும் மலேரியாவின் அடிப்படைப் பரவல் எண் (யாருக்கும் எதிர்ப்பு இல்லாத இடத்தில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்று போகும் என்பது) பாதியாகத்தான் குறைகிறது, அதைக் கணக்கிடும் கணினி நிரலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல் சரிதான், சமன்பாட்டில்தான் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நோயாளியைக் கடித்த உடனே கொசு தொற்றைப் பரப்பத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள்; உண்மையில் ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர சுமார் 10 நாள் ஆகும் (வெப்பநிலையைப் பொறுத்துக் கூடும், குறையும்), அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டுமே! நாளுக்கு இறப்பு வீதம் 0.1 என்றால் 10 நாளைத் தாண்டுபவை சுமார் 37 சதவீதம், 0.2 என்றால் வெறும் 13.5 சதவீதம். தாண்டியவற்றுக்கும் அப்புறம் கடிக்கக் கிடைக்கும் நாட்கள் பாதிதான். இந்த இரண்டு குறைவையும் பெருக்குங்கள் (13.5/37 × 1/2), கொசு எண்ணிக்கை மாறவில்லை என்று வைத்தாலும் பரவல் எண் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் கொசுவின் ஆயுளை அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுதான் காரணம், எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் கணக்கு இது.

சரி, கடி வீதத்தையும் ஒருமுறை பாருங்கள். தொற்றை வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி, அதனால் சமன்பாட்டில் அது வர்க்கமாக வர வேண்டும்.