கூட்டறிக்கையும் மூன்றாம் பிரிவும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு உதவி நிதியைக் குறைக்காதீர்கள் என்று பல அமைப்புகள் சேர்ந்து அரசுக்குக் கடிதம் எழுதுகிறோம். எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும் என்று திருத்தித் திருத்தி, கடைசியில் சப்பென்று ஆகிவிடுகிறது. நிதியும் குறைந்துகொண்டேதான் போகிறது. இந்தக் கூட்டணிகளால் என்ன பயன்? தனியாகவே பேசிவிடலாமா? பிரபலங்களை அழைத்தால் எடுபடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சோர்வு புரிகிறது. 2020இல் வெளிநாட்டு உதவிக்கென்று இருந்த தனி அமைச்சகத்தையே வெளியுறவுத் துறையோடு சேர்த்துவிட்டார்கள். 2021இல் உதவி நிதி தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்பது 0.5 ஆனது. 2027இல் 0.3தான் என்று 2025 பிப்ரவரியில் அறிவிப்பும் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் ‘என்ன பயன்’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று ஏறக்குறைய 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கொலோனில் நடந்த ஜி8 மாநாட்டில் கடன் தள்ளுபடியை விரிவாக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டு அப்புறம் சலித்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பேசுவதா? தாராளமாகப் பேசுங்கள். நான் கேட்க வந்தது வேறு. 0.7ஐக் கட்டாயமாக்கிய 2015 சட்டத்தை நீங்கள் படித்திருக்கிறீர்களா? சின்னச் சட்டம், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். இலக்கை எட்டுவது அமைச்சரின் கடமை என்கிறது முதல் பிரிவு. எட்டாவிட்டால் காரணம் சொல்லி நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்கிறது இரண்டாவது. பொறுப்புக் கேட்க அந்த அறிக்கையைத் தவிர வேறு வழி கிடையாது என்கிறது மூன்றாவது. கோர்ட்டுக்குப் போகிற கதவை அங்கேயே சாத்திவிட்டார்கள்.

சட்டத்தில் இருந்த ஒரு சொல்லை வைத்தே கோர்ட்டில் ஜெயித்த கதையும் உண்டு. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் தந்த உதவி சட்டத்துக்கு மாறானது என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 23.4 கோடி பவுண்டு விவகாரம். வழக்குப் போட்டது உலக வளர்ச்சி இயக்கம் என்ற ஒரே அமைப்பு. வெளிநாட்டு உதவி பற்றிய அன்றைய சட்டத்தில் ‘வளர்ச்சி’ என்ற சொல் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள், ஜெயித்தார்கள். 2002இல் வந்த புதுச் சட்டம் வறுமைக் குறைப்பையே உதவியின் நோக்கமாக எழுதி வைத்தது.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு வரைவுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஏழெட்டு அமைப்புகள், ஒரே ஒரு பக்கம். ‘ஒதுக்க வேண்டும்’ என்பதை ‘ஒதுக்க முயல வேண்டும்’ என்று மாற்றினால்தான் கையெழுத்து என்றார் ஒருவர். மணி ஏழு தாண்டிவிட்டது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். சரி என்றோம். நானும்தான் சரி என்றேன். இரண்டு சொற்களுக்கு நடுவே பென்சிலால் நுணுக்கி எழுதிய அந்த ‘முயல’ இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆறு மாதம் கழித்து அதிகாரியிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: முயன்றோம்.

பிரபலங்களை அழைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் எனக்கு அக்கறை இல்லை. அடுத்த வரைவு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்தச் சொல்லை எடுத்தார்கள், யார் எடுக்கச் சொன்னார்கள் என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். பழைய வரைவையும் புதியதையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.