‘முடித்துவிடு’ என்றால் என்ன அர்த்தம்? அறவியல் கேள்வி பதில்

பதினோரு ஆண்டுகள் வார்டில் செவிலியராக இருந்துவிட்டு, அதன்பின் தொழில் அறவியல் கற்பிக்க வந்தவள் நான். செவிலியர், பொறியாளர், கணக்கர் என்று பல வகுப்புகள் எடுத்திருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், பயன்பாட்டுவாதம், கடமைவாதம், நற்பண்பு அறவியல் என்று மூன்று கோட்பாடுகள் படித்தோம். ஒன்றையொன்று மறுக்கின்றன. எதுதான் சரி? தேர்வுக்காகக் கேட்கவில்லை. (கல்லூரி மாணவர்)

தம்பி, படிக்காதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாருடைய நலனையும் சமமாக எடைபோட்டு, மொத்தத்தில் எது அதிக நன்மை தருமோ அதைச் செய் என்பது பயன்பாட்டுவாதம். ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம் 1789-இல் வெளியிட்டதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் செப்பனிட்டார். விளைவு என்னவானாலும் சில காரியங்களைச் செய்யக் கூடாது, மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பது கடமைவாதம். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1785-இல் எழுதியது. இதையே செய்துகொண்டிருந்தால் நான் எப்படிப்பட்ட ஆளாக மாறுவேன் என்று கேட்பது அரிஸ்டாட்டில் வழியில் வந்த நற்பண்பு அறவியல்.

என் சாய்வு இந்த மூன்றுக்கும் வெளியே இருக்கிறது. டபிள்யூ. டி. ராஸ் என்ற தத்துவவாதி 1930-இல் சொன்னது: வாக்குக் காப்பது, தீங்கு செய்யாதது, செய்த தீங்குக்கு ஈடு செய்வது, நன்றி, நீதி எல்லாமே உண்மையான கடமைகள். அவை மோதும்போது எது கனம் என்று சொல்லச் சூத்திரம் கிடையாது, நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மோதலில் தோற்றுப்போன கடமையும் மறைந்துவிடாது. நண்பரைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கப் போனால் நீங்கள் செய்தது சரி. இருந்தாலும் காத்திருந்த நண்பரிடம் விளக்கம் சொல்லும் கடன் பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கியை மறக்காத கோட்பாடு என்பதால் எனக்கு ராஸைப் பிடிக்கும்.

கேள்வி: மேடம், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நைட் டூட்டியில் இரண்டு பேர், நாற்பது நோயாளிகள். சீனியர் சிஸ்டர் ‘சார்ட்டை முடித்துவிடு’ என்கிறார். எடுக்காத பி.பி.யை எடுத்ததாக எழுது என்று அர்த்தம். மறுக்கப் பயமாக இருக்கிறது. (செவிலியர்)

‘முடித்துவிடு’ என்றால் என்ன என்று நீங்களே நேராகச் சொல்லிவிட்டீர்கள். பாதி வேலை அதுதான். தவறு நடக்கும் இடத்திலெல்லாம் அதற்கு முதலில் ஒரு சாதுவான பெயர் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முடித்துவிடு, சரிக்கட்டு, பார்த்துச் செய், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்.

நானும் ‘முடித்திருக்கிறேன்’. வயிற்றில் அறுவை முடிந்து வந்த ஒருவர். இரவு 12 மணிக்கு நாடி 84, பி.பி. 110/70, நானே எடுத்தேன். 4 மணிக்கு இன்னொரு படுக்கையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். அங்கிருந்து மீண்டுவர 5 ஆகிவிட்டது. சார்ட்டில் 4 மணிக் கட்டம் காலியாக இருந்தது. மேலே இருந்த எண்களைப் பார்த்து 86, 110/70 என்று எழுதினேன். அவர் கண்மூடிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். 6 மணிக்குக் கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்த இடம் சிவக்க நேரமெடுத்தது. நாடி 128.

ஓடிவந்த டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். ‘4 மணிக்கு நன்றாகத்தானே இருந்திருக்கிறார், திடீரென்று என்ன?’ என்று, திடீரென வரக்கூடிய காரணங்களைத் தேட ஆரம்பித்தார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் நாடி மெல்ல மெல்ல ஏறும், பி.பி. பெரும்பாலும் பிந்தித்தான் இறங்கும். அந்த ஏற்றத்தை என்னுடைய 86 மறைத்துவிட்டது. ‘4 மணிக்கு நான் எடுக்கவில்லை டாக்டர்’ என்று வாய் திறக்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அவரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் எடுக்க முடியாத கட்டத்தில் ‘எடுக்கவில்லை, வேறு நோயாளிக்கு அவசரம்’ என்று எழுதி நேரம் போடுங்கள். அதைப் படிக்கும் டாக்டர் உடனே மறுபடி எடுக்கச் சொல்வார். அறுவை முடிந்தவர்களையும் நிலையில்லாதவர்களையும் முதலில் பாருங்கள். நாற்பது பேருக்கு இருவர் என்பது உங்கள் குற்றமில்லை. அதை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

பயத்தைப் பற்றி ஒன்று. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்பார்வையாளர் சொல்கிறாரே என்று, அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி போகிறது என்ற எண்ணத்தில், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சுவிட்சை அழுத்தினார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, கடைசிவரை போனவர்கள் 40-இல் 4 பேர் மட்டும். உங்கள் டூட்டியில் உங்களைப் போலவே நெருடலோடு இருக்கும் இன்னொருவரைத் தேடிப் பேசுங்கள். இருவராகச் சொல்வது வேறு.

கேள்வி: ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவர் மேல் டிராமைத் திருப்பிவிடலாமா என்ற புதிர் வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது?

வராது. தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967-இல் கருக்கலைப்பு பற்றிய ஒரு கட்டுரையில், கொல்வதற்கும் சாக விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்க அதைப் பயன்படுத்தினார். டிராமை நிறுத்தப் பாலத்திலிருந்து ஒருவரைத் தள்ளிவிடும் வடிவத்தை ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1976-இல் சேர்த்தார். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான், ஐந்துக்கு ஒன்று. ஆனாலும் தள்ளிவிட மனம் கூசுகிறதே, ஏன் என்று யோசிக்க வைப்பதுதான் அதன் பயன். அதை வைத்து முடிவெடுக்கப் பழகுவது ஆபத்து. புதிரில் மூன்றாவது வழி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். வாழ்க்கையில் அதைத் தேடுவதுதான் முதல் வேலை.

கேள்வி: பயணச் செலவுக் கணக்கில், போகாத டாக்சிக்கும் சேர்த்து எழுதுவது எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் செய்வது. நான் மட்டும் எழுதாவிட்டால் ஏமாளியா?

எழுதாதீர்கள். உண்மையிலேயே அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம் என்றால், கணக்குப் பிரிவில் போய் ‘போகாத டாக்சிக்கு எழுதலாமா’ என்று உரக்கக் கேட்க முடிய வேண்டும்.

கேள்வி: நான் பார்க்கும் ஒரு பாகம் பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை. ‘தேதிதான் முக்கியம், அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் மேலாளர். நான் எவ்வளவு தூரம் போக வேண்டும்? (பொறியாளர்)

1986 ஜனவரி 27 இரவை நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட வேண்டும். கடுங்குளிர் வரப்போகிறது. ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, இடைவெளியைச் சரியாக மூடாமல் போகலாம் என்று ரோஜர் பாய்ஜோலியும் உடனிருந்த பொறியாளர்களும் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. அவர்கள் நிறுவனத்தின் உயர் மேலாளர் ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரிடம், ‘பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடுங்கள்’ என்றார். பரிந்துரை மாறியது. மறுநாள் கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

தொப்பி பேச்சு எல்லாருக்கும் நினைவிருக்கும். என்னை அதைவிட உறுத்துவது வேறு. வழக்கமாக, பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவுவார்கள். அன்றிரவு, பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்கள் தலையில் வந்து விழுந்தது. உங்கள் மேலாளரிடமும் இதைக் கவனியுங்கள். ‘பிரச்சினை வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டால், ‘வராது என்று சோதனை காட்டவில்லை’ என்பதே பதில்.

எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். சோதனை முடிவை எண்களோடும், யாருக்கு என்ன ஆகலாம் என்பதோடும் எழுத்தில் அனுப்புங்கள். ‘சில கவலைகள் உள்ளன’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘இது செயலிழந்தால் பயன்படுத்துபவரின் கை நசுங்கும்’ என்று எழுதுங்கள். மேலாளர் அசையாவிட்டால் பாதுகாப்புப் பிரிவு, அவருக்கு மேலே இருப்பவர். உயிருக்கு ஆபத்து என்று உறுதிப்பட்டு உள்ளே எல்லாக் கதவும் மூடிவிட்டால், அதைக் கண்காணிக்கும் அதிகார அமைப்பு. விலை இருக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். விசாரணைக் குழுவிடம் ஆவணங்களைக் கொடுத்த பாய்ஜோலியைச் சக ஊழியர்களே ஒதுக்கினார்கள். அதனால் வெளியே போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இதற்கெல்லாம் துணிவு வராத நாளிலும் ஒன்று உங்கள் கையில் உண்டு: தேறியது என்ற தாளில் கையெழுத்துப் போடாமல் இருப்பது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர். கட்டடத்தின் மூலைப்பக்கமாக வந்து தாக்கும் புயற்காற்றைப் போல்ட் போட்ட இணைப்புகள் தாங்காமல் போகலாம் என்று 1978-இல், கட்டி முடித்த பிறகு, அவருக்கே தெரிந்தது. உரிமையாளரிடம் போய்ச் சொன்னார், இரவுகளில் வெல்டிங் வைத்துப் பலப்படுத்தினார்கள். இதற்காக அவரைப் பாராட்டுகிறார்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் சொல்லப்படவில்லை. 1995 வரை விஷயம் பொதுவெளிக்கு வரவில்லை. அந்தப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அம்மா, அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்லக் கூடாது என்கிறார்கள் வீட்டில். நன்மைக்காகச் சொல்லும் பொய்யும் உண்மைதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்கிறார் மாமா. நான் என்ன செய்ய?

உங்கள் வீட்டில் யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. மாமா சொல்வது 292-ஆம் குறள்: ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ அதில் ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லை எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். குற்றம் கலக்காத நன்மை வேண்டும் என்கிறார் வள்ளுவர். அப்பா எழுத நினைத்த உயில், பார்க்க நினைத்த ஆள், வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய சிகிச்சை, இவற்றையெல்லாம் அவருக்குத் தெரியாமல் நாமே எடுத்துக்கொள்ளும்போது அது புரைதீர்ந்த நன்மையா? அடுத்த குறளே ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

மறுகோடியில் கான்ட் இருக்கிறார். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். அதோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் அப்பா கொலைகாரனும் இல்லை; தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். ‘உடம்புக்கு என்ன என்று நீங்கள் என்னப்பா நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு, ‘டாக்டர் சொன்னதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமா, இல்லை நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?’ இரண்டாவதை அவர் தேர்ந்தெடுத்தால் அதுவும் அவர் முடிவுதான், மதியுங்கள். வார்டில் எத்தனையோ பேர் இந்த முதல் கேள்விக்கே, ‘எனக்குத் தெரியும், நீங்கள் அழுவீர்கள் என்றுதான் கேட்கவில்லை’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: வழியோரம் ஒருவர் சுருண்டு கிடந்தார். நேர்காணலுக்கு நேரமாகிவிட்டது என்று தாண்டிப் போய்விட்டேன். நான் கெட்டவனா?

1973-இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை. இறையியல் மாணவர்கள் 40 பேர், பேச்சு ஒன்று கொடுக்க அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்கள். வழியில் ஒருவர் சரிந்து கிடந்து இருமுகிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். மொத்த மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை.

அவசரம் கண்ணைக் கட்டிவிடுகிறது. உங்களைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பரவாயில்லை என்றும் சொல்ல மாட்டேன். அவசர உதவி எண்ணை அழைக்க ஒரு நிமிடம் போதும். அதை இன்றே ஒருமுறை மனதுக்குள் நடத்திப் பார்த்துவிடுங்கள்: நிற்கிறேன், போனை எடுக்கிறேன், இடத்தைச் சொல்கிறேன்.

கேள்வி: ஒழுக்கம் காலத்துக்குக் காலம் மாறுவதுதானே? அன்றைக்குச் சரி, இன்றைக்குத் தவறு. இதில் யார் யாரைக் குறை சொல்வது?

சில மாறும். ஆனால் ‘அந்தக் கால வழக்கம்’ என்று கேட்டதும், யாருடைய வழக்கம் என்று நான் கேட்பேன். அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது அரசுச் சுகாதாரத் துறை. 1940-களின் கடைசியிலேயே பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது, இவர்களுக்கு மட்டும் இல்லை. ‘உங்களுக்குக் கெட்ட ரத்தம்’ என்று அவர்களிடம் சொல்லி வைத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்கும் சோதனைக்கு அழைத்த கடிதத்தில் அதன் பெயர் ‘சிறப்பு இலவசச் சிகிச்சை’. செய்வது சரி என்று நம்பியிருந்தால் அந்தப் பெயர் எதற்கு? மனிதர்மேல் சோதனை செய்ய அவர் சம்மதம் வேண்டும் என்ற நியூரம்பெர்க் நெறி 1947-இலேயே வந்துவிட்டது. அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-இலேயே எதிர்ப்பு எழுதினார். அந்தக் காலத்திலும் கண் இருந்தவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன்னால், என் பிழை சக ஊழியர் ஒருவரின் பிழையாகப் பதிவாகிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, பதவி உயர்வும் தள்ளிப்போனது. இப்போது சொல்லி என்ன பயன்?

‘பதிவாகிவிட்டது’ என்கிறீர்கள். பதிவாக விட்டது நீங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், இரண்டு வருடம் தூங்காமல்தான் இதை எழுதியிருப்பீர்கள்.

பயன் இருக்கிறது: அந்தக் கடிதம் இன்னும் அவர் கோப்பில் கிடக்கிறது. பயனே இல்லாவிட்டாலும், செய்த தீங்குக்கு ஈடு செய்வது என்று ராஸ் சொன்ன கடமை உங்கள்மேல்தான் இருக்கிறது. முதலில் அவரிடம் நேரில் சொல்லுங்கள், வேறு யார் மூலமாகவும் அவருக்குத் தெரிய வேண்டாம். அதே மூச்சில் மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள், அவர் கோபப்பட்டால் இருந்து கேளுங்கள். அடுத்த நாளே நிர்வாகத்துக்குத் தேதி, கோப்பு எண், நடந்தது என்ன என்று எழுதி, எச்சரிக்கையை நீக்கும்படியும் பதவி உயர்வை மறுபடி பரிசீலிக்கும்படியும் கேளுங்கள். அதன் நகல் ஒன்று அவர் கையில் இருக்கட்டும்.