600 பேர் வரும் மாலை வரவேற்புக்குச் சாப்பாடு, பானம், கச்சேரி: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை 6.30க்கு வரவேற்பு. சுமார் 600 பேர் வருவார்கள். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் 200 பேர் உட்காரலாம். சைவச் சாப்பாடு. மெனு, ஜூஸ், பாட்டுக் கச்சேரி எல்லாவற்றையும் எப்படித் திட்டமிடுவது?

பதில்:

மெனுவைக் கடைசியில் பேசுங்கள். சமையல் காண்ட்ராக்டர் முதல் சந்திப்பிலேயே பதினெட்டு அயிட்டம் போட்ட தாளை நீட்டுவார். அதை வாங்கி மடித்து வைத்துவிட்டுப் பந்திக் கணக்கைப் போடுங்கள்.

200 இலை ஒரு பந்தி. சாப்பிட அரை மணி நேரம், இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட்டுத் தண்ணீர் வைக்கப் பத்து நிமிடம். 600 பேருக்கு மூன்று பந்தி போதும் என்று தோன்றும். ஆனால் எந்தப் பந்தியும் முழுசாக நிரம்பாது. குடும்பத்தோடு வருகிறவர்கள் நாலு நாற்காலி சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் உட்கார மாட்டார்கள். நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 7.15, 7.55, 8.35, 9.15. வீட்டுக்காரர்கள் பத்து மணிக்கு. முதல் பந்தி அரை மணி பிந்தினால், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் கையை வைத்துக்கொண்டு நிற்கும் கூத்துதான் நடக்கும்.

முதல் பந்தி பிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் சமையலறை இல்லை, மேக்கப் அறை. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வராமல் யாரும் சாப்பிடப் போவதில்லை. மேடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 600 பேர் என்றால் ஏறக்குறைய 150 குடும்பம். மேடையேறி, மொய்க் கவர் கொடுத்து, போட்டோவுக்கு நின்று இறங்க ஒரு குடும்பத்துக்கு 40 நொடி. மொத்தம் 100 நிமிடம், இடையில் ஒரு நொடி நிற்காமல். அதனால் ஜோடி 6.45க்கு மேடையில் இருந்தாக வேண்டும். ஜோடிப் படங்களை 6.30க்குள் முடித்துவிட வேண்டும் என்று போட்டோகிராபரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்போது மெனு. தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: நாலாவது பந்தியில் இது எப்படி இருக்கும்? பரோட்டா அரை மணியில் ரப்பராகிவிடும். 600 பேருக்குச் சுடச்சுடப் போட ஆளும் கல்லும் பத்தாது. இடியாப்பம் ஈரத்துணி போட்டு மூடிய ஹாட்பேக்கில் ஒன்றரை மணி நேரம் மெத்தென்றிருக்கும், குருமாவுக்கும் பொருந்தும். வெஜ் பிரியாணிக்கு, மற்ற அயிட்டங்களோடு சேர்த்துப் பரிமாறும்போது, கிலோ அரிசிக்கு 15 பேர்; 600 பேருக்கு 40 கிலோ. ஒரே அண்டாவில் வேண்டாம். முதலில் 25 கிலோ, இரண்டாவது பந்தி உட்காரும்போது மீதி 15 கிலோ தம்முக்குப் போகட்டும். தயிர்சாதத்துக்கு 15 கிலோ அரிசி தாராளம். குழைய வடித்துப் பால் விட்டுப் பிசைந்து வைத்து, பந்திக்கு அரை மணி முன்னால் தயிர் சேர்த்தால் கடைசி வரை புளிக்காது. தேங்காய்ச் சட்னியை வெயில் காலத்தில் மதியமே அரைத்தால் எட்டு மணிக்கு வாடை வந்துவிடும். இரண்டு தடவையாக அரைக்கச் சொல்லுங்கள்.

லைவ் தோசை கவுண்டர் பார்க்க அழகு, நேரக் கணக்கில் மோசம். ஒரு மாஸ்டர் ஒரு பெரிய கல்லில் மணிக்கு 120 தோசை ஊற்றினாலே அதிகம். பந்தியோடு சேர்த்து அதையும் வைத்தால் வரிசை வாசல் வரை நிற்கும். ஏதாவது கவுண்டர் கட்டாயம் வேண்டுமென்றால் தோசைக்குப் பதில் கூடத்துக்கு வெளியே சாட், பஞ்சு மிட்டாய் வையுங்கள். காத்திருக்கும் கூட்டத்தை அது பிடித்து வைக்கும். பஞ்சு மிட்டாய் வெள்ளையாகவே இருக்கட்டும். ரோடமின் பி என்ற துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கலர் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகைவிடும் பிஸ்கட் பக்கமே போகாதீர்கள். அடியில் தங்கிய சொட்டு குழந்தையின் வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

காண்ட்ராக்ட் பேசும்போது இலைக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். சண்டை வருவதும் அங்கேதான். 500 இலைக்கு உறுதி, 600 வரை தயார் என்று எழுதி வாங்குங்கள். இலைக்கட்டை எண்ணிக் கணக்குப் பார்த்தால் கிழிந்த இலையெல்லாம் உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு பந்தியிலும் எல்லாரும் உட்கார்ந்ததும் உங்கள் வீட்டு ஆள் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து தலையை எண்ணி ஒரே நோட்டில் கையெழுத்துப் போடட்டும். பாட்டுக் குழு, போட்டோகிராபர்கள், டிரைவர்கள், மண்டப ஆட்கள் 40 பேராவது தேறுவார்கள். அவர்களுக்கு முழு விலையா, பாதியா என்று முன்பே பேசிவிடுங்கள்.

குடிப்பதற்கு: வரவேற்பு பானம் 120 மில்லி கப்பில், 750 கப், 90 லிட்டர். எலுமிச்சை ஜூஸை மதியமே பிழிந்து வைத்தால் கசக்கும். நன்னாரி சர்பத், ரோஸ் மில்க் பத்திரம். பாலைக் காய்ச்சி ஆற்றி பிரீசரில் குளிர வைக்கச் சொல்லுங்கள். பார் ஐஸை உடைத்துப் போட விடாதீர்கள், அது குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தண்ணீர் ஆளுக்கு முக்கால் லிட்டர் கணக்கில் 20 லிட்டர் கேன் 23, காபிக்கும் சேர்த்து 30. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், துணி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் (நான்-ஓவன்) தாம்பூலப் பை எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளரும் மஞ்சப்பையும் போதும். நண்பர்கள் மது கேட்டால் மண்டபத்தில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கல்யாண மண்டபங்களுக்குச் சிறப்பு உரிமம் தரும் அறிவிப்பு 2023இல் வெளியாகி, எதிர்ப்பு வந்த உடனேயே மண்டபங்களை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கச்சேரி பந்தியோடு ஒத்துப்போக வேண்டும். 6.45 முதல் 7.30 வரை வயலின், புல்லாங்குழல் மாதிரி வாத்தியம் மட்டும். அப்போதுதான் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு பாட்டு. 7.55க்கும் 8.35க்கும் ஐந்து நிமிடம் நிறுத்தி, பந்தி தயார் என்று மைக்கில் சொல்ல வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல பாட்டு ஓடும்போது கூட்டம் எழுந்திருக்காமல் கடைசிப் பந்தியில் மொத்தமாக வந்து விழும். சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் வேண்டாம், சாம்பார் கேட்டால் பரிமாறுகிறவர் காதில் விழ வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பாட்டுக்கு ராயல்டி கட்டச் சொல்லி யாராவது வந்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கல்யாண விழாவுக்கு விலக்குத் தருகிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் இதை அறிவிப்பாகவே வெளியிட்டது.

ஏசி, எல்இடி திரை, சவுண்ட் மூன்றையும் ஜெனரேட்டர் தாங்குமா என்று மண்டப எலக்ட்ரீஷியனிடமே கேளுங்கள், மேனேஜரிடம் வேண்டாம். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்பார்.

மீந்த சாப்பாட்டை வாங்கிக்கொள்ளும் இல்லம் எது என்று ஒரு வாரம் முன்பே பேசிவையுங்கள். மூன்றாவது பந்தி எழுந்ததும் போன் செய்தால்தான் அவர்கள் வண்டி அனுப்ப முடியும். இலைக்குப் போன அயிட்டம் வேண்டாம், கிண்டிய அண்டாவில் இருப்பதை மட்டும் கொடுங்கள்.