முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இடுப்பும் முட்டியும் எவ்வளவு மடங்குகின்றன, அதை எப்படி அளப்பது என்பதைப் பற்றியவை. அதனால் அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

குடியாத்தம் வாசகர்: தறி நெய்கிறேன். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். போன வாரம் முட்டி 105 டிகிரி மடங்குகிறது என்றார்கள். இந்த வாரம் வேறொரு பிசியோதெரபிஸ்ட் அளந்துவிட்டு 90தான் என்கிறார். குறைந்துவிட்டதா?

மனம் தளர வேண்டாம். இரண்டு முறையும் உங்களை எப்படிப் படுக்க வைத்து அளந்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மல்லாந்து படுத்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்தால் இடுப்பும் சேர்ந்து மடங்கும், தொடையின் முன்பக்கத் தசை தளரும், முட்டி தாராளமாக மடங்கும். குப்புறப் படுத்தால் இடுப்பு நீண்டிருக்கும். முன்தொடைத் தசைகளில் ஒன்று இடுப்பு, முட்டி இரண்டையும் தாண்டிச் செல்வதால், இரண்டு முனையிலும் இழுபட்டு முட்டியைத் தடுக்கும். தொடையில் அடிபட்டவர்களிடம் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்புறம் கருவி. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் அச்சு முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் இருக்க வேண்டும். கருவியின் அசையாத கை, தொடையின் மேல்பகுதியில் பக்கவாட்டில் துருத்தும் எலும்பை நோக்க வேண்டும்; அசையும் கை வெளிக் கணுக்காலை நோக்க வேண்டும். இந்த மூன்று எலும்புகளையும் விரலால் தடவிக் கண்டுபிடித்த பிறகே கருவியை வைக்க வேண்டும். பேன்ட்டுக்கு மேல் வைத்து எடுத்த அளவை நான் ஏற்பதில்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஆளுக்கு ஆள் 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். நீங்களாக மடக்கியதற்கும் அவர் அழுத்தி மடக்கியதற்கும் வேறு வித்தியாசம் உண்டு. அதனால் சீட்டில் 'மல்லாந்து, தானாக, 105' என்று முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே நிலையில் அளக்கட்டும்.

உங்களுடையது குழித்தறி என்றால், உட்கார்ந்து மிதிக்கக் கிட்டத்தட்ட 90 டிகிரி போதும். தரையிலிருந்து எழுந்திருக்கத்தான் மீதி வேண்டும்.

பேரணாம்பட்டு வாசகி: வயது 46, பீடி சுற்றுகிறேன். சில மாதங்களாகச் சம்மணம் போட முடியவில்லை. தொடை இடுக்கில் வலி. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

எடுத்துவிடுங்கள் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு மூட்டு தேயும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உட்சுழற்சி, அதாவது தொடை உள்பக்கமாகச் சுழல்வது. கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்து, தொடையை நகர்த்தாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் கொண்டு போய்ப் பாருங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது. அந்தப் பக்கப் பிட்டம் கட்டிலை விட்டுத் தூக்கினால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நல்ல மூட்டில் இது 30 முதல் 45 டிகிரி வரும். 15க்கும் கீழே போய், தொடை இடுக்கில் வலியும் இருந்தால் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறையும் நோய் அதனாலும் வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும்.

ஆற்காடு வாசகர்: அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகி, இப்போது 110 டிகிரி மடங்குகிறது. சோளிங்கர் மலைப்படி ஏறலாமா?

படி ஏறி இறங்க 90 முதல் 100 டிகிரியே போதும். நான் கவனிப்பது நீட்டலை. கால் நீட்டிப் படுக்கும்போது முட்டியின் பின்புறம் மெத்தையைத் தொடுகிறதா? தொடாவிட்டால் முன்தொடை சீக்கிரம் களைத்துப்போகும். பெரிய மலைக்கு 1,305 படிகள். இப்போதைக்கு ரோப் காரில் போய்ச் சேவித்துவிட்டு வரட்டும்.

ஆம்பூர் வாசகர்: சிறு வயதில் போலியோ வந்த கால். படுத்தால் நேராகத்தான் இருக்கிறது, நின்றால் மட்டும் முன்னால் சாய்கிறேன். ஏன்?

உங்கள் இடுப்பு முழுதாக நீளாமல் மடங்கியே நிற்கலாம்; படுத்திருக்கும்போது அந்த மடக்கத்தை முதுகு வளைந்து மறைத்துவிடுகிறது. முதுகுக்கும் கட்டிலுக்கும் நடுவே கை தாராளமாக நுழைகிறதா பாருங்கள். நல்ல காலை மார்போடு அணைத்து மடக்கினால் முதுகு தட்டையாகும். அப்போது போலியோ வந்த காலின் தொடை கட்டிலை விட்டு எவ்வளவு எழும்புகிறதோ, அந்தக் கோணம்தான் உண்மையான மடக்கம். 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் எலும்பு வைத்தியம் பார்த்த ஹ்யூ ஓவன் தாமஸ் சொல்லித்தந்த சோதனை இது. காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) செய்ய அளவு கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடி வாசகி: செல்போன் ஆப் வைத்து அளக்கலாமா?

வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் பார்க்கத் தாராளமாக அளக்கலாம். போனை ஒவ்வொரு முறையும் காலின் அதே இடத்தில் வைக்க வேண்டும். நல்ல காலையும் அளந்து எழுதி, மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.