15 பவுனும் மீன் நீந்தும் ஹாலும்

கேள்வி: கரூர் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வயது 44. கடைச் செலவு போக மாதம் 62,000 ரூபாய் நிற்கிறது, வீட்டுச் செலவு 42,000. மனைவியின் 15 பவுன் நகை 2021-லிருந்து வங்கியில் இருக்கிறது. முதலில் 2.5 லட்சம் வாங்கினேன். 2023-ல் திருப்பி வைத்து 3.6 லட்சம், 2024-ல் 5.4 லட்சம். வட்டி 10.5%. மச்சினன் எபாக்சி தரை (பிசின் கலவையை ஊற்றிப் பரப்பி இறுகவைக்கும் தரை) போடும் தொழிலில் இறங்கியிருக்கிறான். வீட்டு ஹால் 450 சதுர அடிக்கு மீன் நீந்துவதுபோல் படம் வைத்த 3டி எபாக்சி, சதுர அடி 280 ரூபாய். ஒர்க்‌ஷாப் 600 சதுர அடிக்குச் சாதா எபாக்சி, 70 ரூபாய். மெட்டீரியல் விலைக்கே செய்து தருகிறானாம். அவன் தரையைத் தேய்க்கும் கிரைண்டிங் மெஷின் வாங்கும் 4 லட்சம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறான். தங்கம் ஏறியிருப்பதால் இப்போது (2025) அதே நகைக்கு 7.7 லட்சம் தருகிறார்கள். நகையில் மேல் பணம் வாங்குவதா, பர்சனல் லோன் போடுவதா? எதில் வட்டி குறைவு?

பதில்: வட்டி நகைக்கடனில்தான் குறைவு. இது உங்களுக்கே தெரியும், நான்கு வருடமாக அந்த வங்கி வாசலில்தான் நிற்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு. உங்கள் கடிதத்தில் எபாக்சி நாலு வரி, மச்சினன் ஐந்து வரி. ஆனால் 2.5 எப்படி 5.4 ஆனது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நகை அதே 15 பவுன், ஒரு குண்டுமணி கூடவில்லை. தங்கம் ஏறியது, கூடவே உங்கள் கடனும் ஏறியது.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பிரித்துப் பார்த்தேன். 2.5 லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 52,000 சொச்சம். 3.6 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 38,000. இரண்டும் சேர்ந்து 90,000 ரூபாய், கைக்காசிலிருந்து கட்டாமல் அடுத்த கடனிலேயே கழித்திருக்கிறீர்கள். 5.4-ல் முதல் 2.5 போக, இந்த 90,000-மும் போக, பாக்கி 2 லட்சம் வருகிறது. அது எங்கே போனது என்று நீங்கள் எழுதவில்லை. மச்சினன் தொழில் தொடங்கிய கதையோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

இதுதான் உங்களைத் தின்கிற பழக்கம். விலை ஏறும்போதெல்லாம் நகையைத் திருப்பி வைத்து, பழைய கடனை மூடி, வட்டியையும் அதிலேயே தள்ளி, மேலே கிடைப்பதைச் செலவு செய்வது. வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிப்போம் என்று வங்கி கெடுபிடி செய்தால், ஒருநாள் கைமாற்று வாங்கிக் காலையில் மூடிவிட்டு மதியம் வைப்பது. அசலும் இறங்கவில்லை, வட்டியும் உங்கள் கையிலிருந்து போகவில்லை. கையிலிருந்து எதுவும் போகாததால் கடன் இருப்பதே உறைக்கவில்லை. மாதம் 20,000 மிச்சம் பிடிக்கிற ஆள், நான்கு வருடத்தில் ஒரு வளையலைக்கூட மீட்கவில்லை என்றால் வேறென்ன சொல்ல?

இன்றைய தேதிக்கு 5.4 லட்சமும் ஒரு வருட வட்டி 57,000-மும் சேர்ந்து கிட்டத்தட்ட 6 லட்சம் நிற்கிறது. 7.7-க்கு வைத்தால் கையில் வருவது 1.7 லட்சம். ஹாலுக்கு 1.26 லட்சம், ஒர்க்‌ஷாப்புக்கு 42,000. ஆக 1.68 லட்சம். மச்சினன் சொன்ன தொகையும் வங்கி தருகிற தொகையும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன பாருங்கள்! இதே பாணியில் அந்த 1.7 லட்சத்தை ஐந்து வருடம் உருட்டினால் 2.8 லட்சம் ஆகும். அப்போது தரையின் மேல்பூச்சு மங்கியிருக்கும், கடன் மட்டும் பளபளவென்று இருக்கும்.

தங்கம் இன்னும் ஏறுமே என்பீர்கள். ஏறலாம். ஆனால் 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 கடைசியில் 1,050 டாலர் பக்கம் வந்து நின்றது. ரூபாயும் சரிந்ததால் நமக்கு அந்த அடி முழுதாக விழவில்லை, அவ்வளவுதான். உங்கள் 120 கிராமுக்கு வங்கி போட்டிருக்கும் மதிப்பு கிராம் 8,600 என்ற கணக்கில் 10.3 லட்சம், அதில் முக்கால் பங்கு 7.7. வங்கி தருகிற கடனின் உச்சவரம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். ஒரு வருட வட்டி 81,000 ஏறினால் 8.5 லட்சம். தங்கம் கொஞ்சம் இறங்கினாலும் போதும், வங்கி உங்களைக் கூப்பிட்டுப் பணம் கட்டச் சொல்லும்.

இப்போது தரைக்கு வருகிறேன். எபாக்சி மோசமான பொருள் இல்லை. ரெசின் என்ற பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்து, இறுகிப்போகும் முன் கொட்டிப் பரப்ப வேண்டும். முறையாகப் போட்டால் ஆயிலும் கிரீஸும் தரைக்குள் இறங்காது, துடைத்தால் போய்விடும். அதனால்தான் தொழிற்சாலைகளிலும் மருந்துக் கம்பெனிகளிலும் போடுகிறார்கள். ஆனால் அந்த 3டி என்பது பெரும்பாலும் பிரிண்ட் எடுத்த படத்தைத் தரையில் ஒட்டி, மேலே கண்ணாடி மாதிரி எபாக்சி ஊற்றுவதுதான். ஹாலில் மீன் நீந்துவது முதல் மாதம் நன்றாக இருக்கும். மூன்றாவது வருடம் சோபாவை நகர்த்தும்போது கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்ற முடியாது, ஒட்டுப் போட்டது தெரியும். டைல்ஸ் உடைந்தால் ஒரு டைல்ஸைப் பெயர்த்து மாற்றுவீர்கள்.

உங்கள் ஹாலில் ஏற்கெனவே டைல்ஸ், மழைக்காலத்தில் சுவரோரம் ஈரம் கசியும் என்று கடிதத்தின் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பின்குறிப்புதான் எனக்கு முக்கியம். எபாக்சி காற்றுப் புகாத தோல் மாதிரி. கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும், பிறகு தோல் உரிவதுபோல் உரியும். சோதிப்பது சுலபம். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பிறகு ஷீட்டுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் அந்தத் தரை எபாக்சிக்கு ஆகாது. தரை வெறும் சிமெண்டாக இருந்தால்தான் இந்தச் சோதனை சரியாக வேலை செய்யும். உங்கள் வீட்டில் டைல்ஸ் இருப்பதால் துளி தெரியாமலேயே ஏமாற்றலாம். ஆனால் சுவர் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது!

இன்னொரு கணக்கு, இதை மச்சினனிடம் சண்டையாகக் கேட்காதீர்கள், சும்மா கேளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனம் வேண்டுமானால் 1 லிட்டர் ஊற்ற வேண்டும். 450 சதுர அடி என்பது 42 சதுர மீட்டர். அவர் எழுதித் தந்திருக்கும் 2 மில்லிமீட்டருக்கு 84 லிட்டர், எடையில் 90 கிலோவுக்கு மேல். நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டில் ரெசினும் ஹார்டனரும் சேர்த்து 40 கிலோதான் இருக்கிறது. 1 மில்லிமீட்டரே வராது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், சப்ளையர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் கற்றுக்கொள்வதற்கு உங்கள் ஹால் ஏன், உங்கள் மனைவியின் ஆரம் ஏன்?

ஜாமீன் விஷயத்தில் ஒரே பதில், வேண்டாம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. அவர் கட்டாவிட்டால் 'நான் சும்மா கையெழுத்துதானே போட்டேன்' என்பது எடுபடாது. கடனும் நல்ல கடன் இல்லை. 11% என்று கடன் நோட்டீஸில் இருப்பது ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கும் போடுகிற வட்டி. 4 லட்சத்துக்கு மூன்று வருடம் 1.32 லட்சம் வட்டி, மாதத் தவணை 14,800. அசல் மாதாமாதம் குறைவதைக் கணக்கில் எடுத்தால் நிஜ வட்டி 20 சதவீதத்தை ஒட்டி வரும். மூன்று மாதத்தில் இரண்டு வேலைதான் கிடைத்திருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். வேலை வரும் நாளுக்கு மட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். மாதம் பத்து நாள் மெஷின் ஓடுகிறது என்று ஆறு மாதம் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் கசக்கும். மேல் பணம் இல்லாமல் புதுப்பியுங்கள். அதுவும் ஒரே பாக்கெட்டாக வைக்காமல் ஆரம், வளையல், சங்கிலி என்று மூன்று தனிக் கடனாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். சிறியதை முதலில் மூடி வீட்டுக்குக் கொண்டுவரலாம். மிச்சமாகும் 20,000-ல் மாதம் 15,000 கட்டினால் நான்கு வருடத்தில் எல்லாம் வெளியே வரும். 4 பவுனை விற்றால் கழிவு போக 2.6 லட்சம் தேறும், கடன் 3.4 லட்சமாக இறங்கி இரண்டு வருடம் சொச்சத்தில் முடியும். நான் விற்கச் சொல்வேன். ஆனால் அது உங்கள் மனைவியின் சீதனம், முடிவும் அவருடையது. கடிதத்தில் 'மனைவி எதுவும் சொல்லவில்லை' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் கணவர், நடுவில் தன் நகை. அவர் என்ன சொல்வார்? எண்களைத் தாளில் எழுதி முன்னால் வைத்து, நீங்களாகக் கேளுங்கள்.

மச்சினனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். ஒர்க்‌ஷாப் தரைக்கு எபாக்சி நியாயமான செலவுதான், ஆயில் கறை குறையும், கீழே விழுந்த ஸ்க்ரூ கண்ணில் படும். அந்த 42,000-ஐ மிச்சமாகும் மற்ற 5,000-ல் சேர்த்து ஒன்பது மாதம் கழித்து ரொக்கமாகக் கொடுங்கள். சாம்பல் நிறம் போதும், டிசைன் வேண்டாம். பழைய ஆயிலை எடுத்து, தரையை நன்றாகக் கிரைண்ட் செய்து, பிரைமர் அடித்த பிறகே மேலே போடச் சொல்லுங்கள். ஈரத்தில் வழுக்காமல் இருக்க மேலே மணல் தூவச் சொல்லுங்கள். வாசலில் வெயில் படும் நான்கு அடியை விட்டுவிடலாம், எபாக்சி வெயிலில் மஞ்சளடிக்கும். சைடு ஸ்டாண்ட் ஊன்றும் இடத்தில் ரப்பர் மேட் போடுங்கள். பாதிப் பணம் வேலை முடிந்து பத்து நாள் கழித்து.